பத்மாட்சி கையை இறக்கிய பிறகு

ஆலங்கிணற்றில் ஒரு கார்த்திகைப் பாதியில் தொடங்கி, மார்கழி முழுக்கவும், தை பிறந்து பத்து நாள் வரைக்கும், கட்டிய எதுவும் கட்டியபடி நிற்கவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் பாவாடை நாடா நின்றது, எங்கள் ஊரில் நிற்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை என்று இங்கே பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். 'பன்னீர் இல்லம்' நாடகம் ஒற்றை முடிச்சோடு நின்றுபோனதுதான் காரணம்.

பன்னீர் இல்லம் ஒன்பது வருஷம் ஓடியது. திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஏழரை மணி என்றால் ஆலங்கிணற்றில் அது கோயில் பூசை நேரம் மாதிரி, யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், விரலில் நூல். விரல் தன் பாட்டுக்குச் சுற்றும், கண்ணுக்கு வேலை கிடையாது, அதனால் கண்ணை டிவிக்குக் கொடுத்திருந்தார்கள். கோமு வீட்டு ஹால்தான் தெருவிலேயே பெரியது, டிவியும் பெரியது, எல்லாவற்றையும்விடப் பெரியது கோமுவின் தொண்டை. அந்த ஹாலில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பீடியும் கண்ணீருமாக ஒன்பது வருஷத்தைச் சுற்றித் தள்ளினார்கள். ஆண்கள் நாங்கள் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக டிவி தெரிகிற கோணத்தில் உட்கார்ந்துதான் படித்தோம் என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நாடகத்தின் நாயகி நிரஞ்சனா, பன்னீர் இல்லத்தில் அண்டி வந்து வளர்ந்த தாய் தகப்பனில்லாத பெண். அந்த வீட்டுப் பையன் ஆதவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகும், மணமேடை வரை போகும், நின்றுவிடும். ஒரு தடவை போலீஸ் வந்தது, ஒரு தடவை மாலைக்கூடைக்குள் பாம்பு வந்தது, ஒரு தடவை மாப்பிள்ளைக்குத் தன் பெயரே மறந்துபோனது. இப்படி ஆறு தடவை. ஆறு தடவையும் எங்கள் ஊரில் அடுப்பு சரியாக எரியவில்லை. மாசம் தவறாமல் அம்மன் கோயிலில் நிரஞ்சனா பேருக்கு அர்ச்சனை நடந்தது. நட்சத்திரம் என்ன என்று பூசாரி கேட்டதற்குக் கோமு யோசிக்காமல் உத்திரம் என்றாள், இவ்வளவு அடிபட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறவள் வேறு எந்த நட்சத்திரமாக இருக்கமுடியும், நானும் உத்திரம்தானே என்றாள். பூசாரியும் நாடகம் பார்க்கிறவர்தான், மறு பேச்சுப் பேசவில்லை.

கல்யாணத்தை நிறுத்துகிறவள் பத்மாட்சி. ஆதவனின் அக்கா. நாடகத்தின் முதல் வாரத்திலேயே புருஷன் செத்துப்போய்ப் பிறந்த வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவள். அவள் படியில் இறங்கினாலே இடி இடிக்கிற மாதிரி ஒரு இசை வரும், ஹாலில் முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் மண்ணள்ளித் தூற்றுவார்கள். எங்கள் ஊரில் சட்டி உடைந்தாலும் பால் திரிந்தாலும் பத்மாட்சி கண்ணு பட்டிருச்சு என்பதுதான் ஒன்பது வருஷமாகப் பேச்சு.

இந்த ஹாலில் முன்வரிசையில் உட்காருகிறவள் முப்பிடாதி. அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. அவளுக்கும் வரன் வரும், பேசி முடிகிற நேரத்தில் தட்டிப்போகும். நிரஞ்சனா கல்யாணம் நிற்கிற மாதமும் இவள் வரன் தட்டுகிற மாதமும் ஒன்றாக இருப்பதை முதலில் கேலியாகச் சொன்னார்கள், நாலாவது தடவைக்குப் பிறகு கேலி போய் அதுவே நம்பிக்கையாகிவிட்டது. நிரஞ்சனா கழுத்தில் ஏறினால்தான் இவள் கழுத்திலும் ஏறும் என்று ஊரே சொன்னது, முப்பிடாதியும் அப்படித்தான் நம்பினாள். ஏழாவது தடவை பன்னீர் இல்லத்தில் பந்தக்கால் நட்டபோது இவளுக்கும் மிக்ஸி ரிப்பேர் கடை செல்லத்துரையோடு பேச்சு முடிந்து, தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

செல்லத்துரைக்கு அம்மா இல்லை. அவனை வளர்த்தவள் அக்கா சொர்ணம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போன புருஷன் வழியில் விபத்தில் செத்துப்போய், இருபத்துநாலு வயதில் தம்பியிடம் வந்து சேர்ந்தவள். அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் அவள் மேடைப் பக்கம் வந்ததில்லை. சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்குவாள், பந்தி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவாள். கோமு வீட்டு ஹாலிலும் அவள் இடம் கதவோரம்தான். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை, முன்னால் வரச் சொன்னதும் இல்லை.

அந்தக் கார்த்திகைச் சாயங்காலம் ஆதவன் நிரஞ்சனா கழுத்தில் தாலியைக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான். ஹாலில் ஒரு பீடிகூடச் சுற்றப்படவில்லை. வாசலில் நாங்கள் பேப்பரைக் கீழே வைத்துவிட்டோம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, அடுத்த இரண்டையும் போடவேண்டியவள் நாத்தனார். மணமேடையில் நின்ற சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்மாட்சி மாடிப்படியில் இறங்கி வந்தாள். இடி இசை வரவில்லை. வந்து நிரஞ்சனாவின் பின்னால் நின்று, குனிந்து, மஞ்சள் கயிற்றின் இரண்டு முனையையும் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் ஹாலில் ஒரு குரல் கிளம்பியது. "அறுத்தவ கை தாலில படக்கூடாதுட்டி! கைய எடு!" ஒரு குரல் பத்தாகி, பத்து முப்பதாகி, அடுத்த வீடு, அடுத்த தெரு, ரைஸ்மில் தெரு, பள்ளிவாசல் தெரு என்று ஊரே ஒரே தொண்டையாகக் கையை எடு, கையை எடு என்று கத்தியது. பத்மாட்சி நிமிர்ந்து பார்த்தாள். கேமராவைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தாள். பிறகு கயிற்றை விட்டுவிட்டுக் கையை இறக்கினாள். படம் அப்படியே நின்றது, தொடரும் என்று எழுத்துக்கூட வரவில்லை.

மறுநாள் ஏழரைக்கு டிவியில் நாடகத்துக்குப் பதிலாக யார் சீக்கிரம் வெங்காயம் நறுக்குவது என்று ஒரு போட்டி வந்தது. நடுவில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று ஒரு வாரம் வெங்காயம் பார்த்தோம். ஊர் சார்பில் டிவிக்காரர்களுக்கு ஒரு கடிதம் போட்டோம், நிரஞ்சனா என்ன ஆனாள், பாதிக் கழுத்தோடு பிள்ளையை நிறுத்திவைக்கலாமா என்று கோமு சொல்லச் சொல்ல தலைமையாசிரியர் எழுதினார். தங்கள் கருத்துக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. ஏழரை மணி ஆனால் பெண்கள் வழக்கம்போல் சுளகைத் தூக்கிக்கொண்டு கோமு வீட்டுக்கு வந்து, அணைத்துவைத்த டிவியின் முன்னால் உட்கார்ந்து, இந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், சாப்பிட்டிருப்பாளா, அந்தப் பயல் பக்கத்தில் இருக்கிறானா என்று பேசிவிட்டுப் போனார்கள். சொந்தப் பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் வராமல் தவிக்கிறவர்கள் தவிப்பு அது, அதில் பொய் ஒரு துளி கிடையாது.

அந்த வாரத்திலேயே முடிச்சுகள் அவிழ ஆரம்பித்தன. கோமுவின் ஆடு கட்டிய இடத்தில் இல்லை, திரும்பக் கட்டினால் கயிறு தானாக நழுவியது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் ரிப்பன் பிரேயர் முடிவதற்குள் தோளில் கிடந்தது. ஓட்டலில் கட்டிக்கொடுத்த சாம்பார் பார்சல் வீடு வந்து சேரவில்லை, வந்தவர்கள் சட்டையில் சேர்ந்தது. பூக்கட்டுகிறவர்கள் கட்டக் கட்ட அவிழ்ந்ததால் அம்மனுக்கு உதிரிப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள், அம்மன் கழுத்து வரை பூவுக்குள் நின்றாள். பெண்கள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். வேட்டிக்கும் கைலிக்கும் முடிச்சு வேண்டாம் என்று ஆண்கள் இரண்டு நாள் மீசையை முறுக்கினோம், மூன்றாம் நாள் ஊர் முழுக்க அரைஞாண் கயிறு நழுவிக் காலில் விழுந்தபோது அடங்கினோம்.

கஷ்டம் என்றால் பீடிதான். ஒரு பீடியின் வாழ்வு அதன் வாயில் போடுகிற நூல் முடிச்சில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பீடி மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. உதட்டில் வைத்துத் தீக்குச்சி கிழிப்பதற்குள் இலை விரிந்து தூள் மடியில் கொட்டுகிறதாம்.

மனுஷன் எதற்கும் பழகிவிடுவான், ஆலங்கிணற்றுக்காரன் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பழகுவான். பெட்டிக்கடையில் ஊக்கும் ரப்பர் பேண்டும் முன்வரிசைக்கு வந்தன. துணிக்கடைக்காரர் எலாஸ்டிக்கைப் பந்து பந்தாகக் கொண்டுவந்து இறக்கினார். சாம்பார் தூக்குவாளிக்கு மாறியது. ஆடுகள் அவிழ்த்துவிட்டபடியே திரிந்து, யார் வீட்டுக் கீரையை யார் வீட்டு ஆடு தின்றது என்று சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், கடைசியில் எல்லாக் கீரையும் எல்லா ஆட்டுக்கும் என்று விட்டுவிட்டோம். தொட்டில் மட்டும்தான் பயமாக இருந்தது, தாய்மார்கள் பிள்ளையைத் தரையில் போட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் பீடிக்கடைக் கண்ணுப்பிள்ளை ஒரு கட்டுப் பீடியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக வந்தார். திரும்பி வந்த மூட்டைக்குள் இந்த ஒரு கட்டு மட்டும் அவிழவில்லை, இழுத்துப் பார்த்தும் அவிழவில்லை, யார் சுற்றியது என்று கேட்டார். சொர்ணம் சுற்றியது. அவள் கூச்சத்தோடு, நூலைக் கொஞ்சம் எச்சில் தொட்டுப் போட்டேன், அதனால் இருக்கும் என்றாள். எல்லோரும் எச்சில் தொட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. ரைஸ்மில் தெரு லெட்சுமியம்மா கட்டிய பூ நின்றது. பள்ளிவாசல் தெரு மைமூன்பீவி முடிந்த ரிப்பன் நின்றது. புருஷனை இழந்தவர்கள் எங்கள் ஊரில் பதினோரு பேர், பதினோரு பேர் கட்டியதும் நின்றது, மற்ற யார் கட்டியதும் நிற்கவில்லை.

ஏன் அப்படி என்று ஆலங்கிணற்றில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்காமலே வேலையை வாங்கிக்கொண்டோம். முதலில் புழக்கடை வழியாகக் கூப்பிட்டார்கள், யக்கா இந்தத் தொட்டிலை மட்டும் கட்டிக் கொடுத்துட்டுப் போங்க என்று. பிறகு முன்வாசல் வழியாகவே கூப்பிட்டார்கள். காலையில் வெளியே கிளம்பும்போது சொர்ணம் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பப் போய் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற அதே மனுஷர்கள், அவள் வருகிற வழியில் ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்கள். அம்மனுக்கு மாலை கட்டியவள் லெட்சுமியம்மா. மற்ற பெண்கள் பீடியை உருட்டிக் கொடுக்க, நூலை முடிந்து முடிந்து பதினோரு பேர் விரலும் வீங்கிப்போயின. தாலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்.

தாலிக்கு வேறு ஏற்பாடு செய்தோம். சாமியாடியிடம் குறி கேட்டபோது நின்ற கல்யாணத்தை நடத்துங்கள் என்று வந்தது. அதற்கென்ன, நடத்திவிட்டோம். வாரப் பத்திரிகையில் வந்த நிரஞ்சனா படத்தையும் ஆதவன் படத்தையும் வெட்டிச் சட்டம் போட்டு, அம்மன் கோயில் மண்டபத்தில் பலகையில் உட்காரவைத்து, ஊருக்கே வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டோம். கோமு பெண்ணுக்குத் தாய் முறையில் நின்று அழுத அழுகையைப் பார்த்து நானே துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். நாத்தனார் முறைக்குப் பேரூராட்சித் தலைவர் மனைவியை நிறுத்தினோம், ஐந்து பிள்ளை பெற்ற சுமங்கலி, கைராசிக்காரி என்று பேர். அவர் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு நகர்ந்ததும் கயிறு படத்திலிருந்து நழுவி, பாயசக் கிண்ணத்தில் விழுந்தது. பத்மாட்சிக்குப் பத்திரிகை வைத்தோமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சமையல்கட்டில் சொர்ணம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதிக்குத் தோன்றியது. அந்தக் கயிறு நழுவுவதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இந்தத் தடவையும் நின்றால் இனி யாரும் தன்னைப் பார்க்க வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், செல்லத்துரையை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. மத்தியானம் ஒரு மணி வெயிலில், உருட்டிய பீடியைச் சுளகில் எடுத்துக்கொண்டு முடிச்சுப் போடுவதற்காகச் சொர்ணம் வீட்டுக்குப் போனாள். சொர்ணம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வீங்கிய விரலை வெந்நீரில் நனைத்து நனைத்து நூல் முடிந்துகொண்டிருந்தாள். முப்பிடாதி சுளகை வைத்துவிட்டுப் போகவில்லை, எதிரே உட்கார்ந்தாள்.

"மதினி, அன்னைக்கு ஹால்ல மொதல்ல சத்தம் போட்டது நாந்தான்."

"தெரியும்ட்டி. ஒங் குரல் எனக்குத் தெரியாதா."

"பத்மாட்சியத்தான் மதினி சொன்னேன்."

சொர்ணம் ஒரு பீடிக்கு நூல் சுற்றி முடித்தாள். "அவளத்தான் சொன்ன. நா ஒண்ணும் சொல்லலியே."

முப்பிடாதி சுளகிலிருந்து ஒவ்வொரு பீடியாக எடுத்துக் கொடுத்தாள். சொர்ணம்தான் மறுபடி பேசினாள், முப்பிடாதியைப் பார்க்காமல், நூலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஒன்பது வருஷமும் அந்தப் பத்மாட்சிக்கு வெளிறிப்போன சேலையைத்தான் கொடுத்திருந்தார்கள், அன்றைக்கு மட்டும் அவள் கத்தரிப்பூக் கலரில் புதுச் சேலை கட்டியிருந்தாள், மடிப்பு எல்லாம் எடுத்து ஒழுங்காகக் கட்டியிருந்தாள், நீங்கள் யாரும் பார்க்கவில்லை என்றாள். "தம்பி கல்யாணம்னு அவளுக்கும் ஒரு ஆச இருந்திருக்கும் போல" என்றாள். நாடகத்தில் தனக்குப் பிடித்தவள் அவள் ஒருத்திதான் என்றும், அதை ஹாலில் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் கதவோரம் உட்கார்ந்துகொண்டதாகவும் சொன்னாள்.

முப்பிடாதி அழுதாள். அழுதுகொண்டே, என் தாலிக்கு நீங்கள்தான் முடிச்சுப் போடவேண்டும், ஊரில் வேறு யார் போட்டாலும் நிற்காது என்று கேட்டாள். சொர்ணத்துக்குக் கோபம் வந்தது. தாலி உன் கழுத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறாயா, ஆட்டைக் கட்டக் கூப்பிடுகிற மாதிரி, என்றாள். முப்பிடாதி தலையைக் குனிந்தாள். கோபம் இறங்கியதும் சொர்ணம் அவள் தலையில் கைவைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குட்டி. எங் கை பட்டு எந்தம்பிக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா? ஊரு சொன்னதுதான், ஆனா இருவத்தோரு வருசமா கேட்டுக் கேட்டு நானே நம்பிட்டேன். நீங்க சங்கிலி போட்டுக்கிடுங்க. நா அடுப்படில இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

சங்கிலி என்பது செல்லத்துரையின் தாய்மாமா கண்டுபிடித்த வழி. தாலியைத் தங்கச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டுவிட்டால் முடிச்சே தேவையில்லை, முடிச்சுத் தேவையில்லை என்றால் நாத்தனாரும் தேவையில்லை. ஊருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மாமாவின் மூளையை எல்லோரும் மெச்சினார்கள், தலைவர் மனைவிக்கும் மானம் தப்பியது. மஞ்சள் கயிறு ஒன்றைச் சாத்திரத்துக்குத் தட்டில் வைத்தால் போதும் என்று பேசி முடித்தார்கள்.

தை பத்தாம் தேதி காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம். சமுதாயக்கூடத்து வாசலில் வாழைமரம் நின்றது, அதைக் கட்டியவள் சொர்ணம். மாவிலைத் தோரணம், பந்தல் துணி, மாப்பிள்ளை மாலை, பெண்ணின் மாலை, தலைப்பூ, சீர்த்தட்டின் மேல் துணி, எல்லாம் அவள் கட்டியது. தவில்காரர் தவிலின் வார் நழுவுகிறது என்று முந்தின நாளே கொண்டுவந்து அவளிடம்தான் இழுத்துக் கட்டி வாங்கிப்போனார். இவ்வளவையும் கட்டிவிட்டு, முகூர்த்த நேரத்துக்கு அவள் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பூசணிக்காயை நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஐயர் கெட்டிமேளம் என்றார். மேளம் கொட்டியது. செல்லத்துரை சங்கிலியை இரண்டு கையிலும் எடுத்து முப்பிடாதியின் கழுத்தருகே கொண்டுவந்தபோது அவள் தன் கையைக் குறுக்கே வைத்தாள், மேளம் தடுமாறி நின்றது. ஏழாவது தடவையும் நின்றது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"எனக்கு மஞ்சக்கயிறுதான் வேணும். மதினி வந்து கட்டணும்."

தாய்மாமா நேரம் போகிறது என்றார், நிற்காது என்று தெரிந்தே ஏன் பிடிவாதம் என்றார், நல்ல நாளும் அதுவுமாக என்று ஆரம்பித்தார். முப்பிடாதி அவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நிக்குதுங்கறதுக்காகக் கூப்பிடல. அவிழ்ந்தாலும் அவிழட்டும். எனக்கு நாத்தனா அவிய ஒருத்திதான். அவிய வரணும்." அன்றைக்கு முதலில் கத்தியது தான்தான் என்றும், அந்தப் பாவத்தோடு ஒரு தாலியைச் சுமக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னாள். செல்லத்துரை சங்கிலியிலிருந்து தாலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்தான்.

கூட்டத்தில் இரண்டு மூன்று வாய் திறந்தது எனக்குத் தெரியும், அதில் ஒன்று என்னுடையது. பழக்கம் சும்மா விடுமா? ஆனால் திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கோமு வாயைத் திறக்கவே இல்லை, எழுந்தாள், ஸ்டோர் ரூமுக்குப் போனாள், வரமாட்டேன் வரமாட்டேன் என்று அழுத சொர்ணத்தை இடுப்பில் கைகொடுத்துக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே வந்தாள். வரும்போது தன் பட்டுச் சேலை முந்தானையால் அவள் கையிலிருந்த பூசணி விதையைத் துடைத்துவிட்டாள்.

ஐயர் மறுபடி கெட்டிமேளம் சொல்ல, செல்லத்துரை முதல் முடிச்சைப் போட்டிருந்தான். அது போட்ட கணமே நழுவியதால் இரண்டு முனையையும் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா வருகிற பக்கம் பார்த்தபடி குனிந்து நின்றான். "யக்கா, கை வலிக்கி. வந்து பிடி" என்றான், சின்ன வயதில் கிணற்றில் வாளி இழுக்கும்போது சொல்கிற மாதிரி.

சொர்ணம் முப்பிடாதியின் பின்னால் நின்றாள். ஊரே அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயிற்றை எடுத்தாள், ஒரு நிமிஷம் சும்மா வைத்திருந்தாள். பிறகு ஒரு முடிச்சுப் போட்டாள். நின்றது. இன்னொன்று போட்டாள். நின்றது.

அன்று மதியத்திலிருந்து ஊரில் யார் கட்டினாலும் நின்றது, ஆடுகள் மறுபடி முளைக்குச்சிக்கு வந்தன, எலாஸ்டிக் வாங்கிக் குவித்த துணிக்கடைக்காரர் தலையில் கைவைத்தார் என்பதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது. சமுதாயக்கூடத்தில் அந்த நேரம் அதையெல்லாம் யாரும் நினைக்கவில்லை.

இரண்டு முடிச்சுப் போட்ட சொர்ணம் கையை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று போட்டாள். நாலாவது போட்டாள். கண்ணீர் வழிந்து கயிறு நனைந்தது, நனைந்த கயிற்றை இழுத்து இழுத்து, இருபத்தோரு வருஷமாக எத்தனை கல்யாணத்தில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளோ அத்தனைக்கும் சேர்த்துப் போடுகிறவள்போல் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றுதானேம்மா கணக்கு என்று ஐயர் மெல்லச் சொன்னார். முப்பிடாதி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து, பின்னலை ஒதுக்கிக் கொடுத்தாள்.

"நீங்க கட்டுங்க மதினி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தாலி கட்டி முடிகிற வரைக்கும் கெட்டிமேளம் நிற்கக்கூடாது என்பது முறை. தவில்காரர் ஐயரைப் பார்த்தார், ஐயர் கூட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தில் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை, அவர் வேர்த்து ஒழுக, விரல் சிவக்க, வாசித்துக்கொண்டே இருந்தார்.